குரல் தெளிவாக இருக்கிறது

வாசகரே, 'கேக்குதா ஆசாமிகள்' என்றொரு இனம் நம்மிடையே நாளுக்கு நாள் பெருகி வருவதைக் கவனித்திருப்பீர்கள். கவனித்ததில்லை என்றால் உங்கள்மீதே எனக்கு ஒரு சந்தேகம் உண்டு. அதைக் கடைசியில் வைத்துக்கொள்வோம்.

இவர்களைக் கண்டுபிடிப்பது சுலபம். போனில் கூப்பிட்டு, "ஐயா, உங்க வீட்ல தீப்பிடிச்சிருச்சு" என்று அலறிப் பாருங்கள். மற்றவர்கள் ஓடுவார்கள். இவர் நின்ற இடத்தில் நின்று, "குரல் நல்லாத் தெளிவா வருது, இப்பக் கொஞ்சம் தள்ளி நின்னு சொல்லுங்க பாப்போம்" என்பார். துக்க வீட்டுக்குப் போனால் மாலையைக் கையில் வைத்துக்கொண்டே வைஃபை பெட்டி எந்தச் சுவரில் இருக்கிறது என்று தேடுவார். கோயிலில் ஒலிபெருக்கி கரகரத்தால் அம்மனுக்கு முதுகைக் காட்டி ஒயர் வந்த வழியைப் பார்த்துக்கொண்டு நிற்பார். மனைவி கண்ணீரும் கம்பலையுமாக ஏதாவது சொன்னால், அந்தக் கண்ணீர் எத்தனை மில்லிசெகண்ட் தாமதமாக வந்து சேர்ந்தது என்று கணக்குப் பார்ப்பார். சத்தம் கேட்கும் அவருக்கு. சொன்னது கேட்காது.

அந்தக் காலத்து மைக்செட்காரரும் 'ஒன்... டூ... த்ரீ...' என்று சோதித்தவர்தானே என்று நீங்கள் கேட்கலாம். சோதித்தார். ஆனால் மூன்றோடு நிறுத்திக்கொண்டார், அதற்குப் பிறகு பாட்டுப் போடுகிற வேலை அவருக்கு இருந்தது. இன்றைய ஆசாமிக்கு மூன்றுக்குப் பிறகு நான்கு வரும், நானூறு வரும், பாட்டு மட்டும் வராது. சொல்லிக்கொண்டே போவதைவிட ஒருவரைக் காட்டிவிடலாம்.

ஓடைப்பட்டி சசிதரன். வயது இருபத்தொன்பது. ஐந்து வருடம் பெங்களூரில் பெரிய கம்பெனியில் இருந்துவிட்டு, 'சொந்தமாக ஒன்று செய்கிறேன்' என்று ஊருக்குத் திரும்பியவன். திராட்சை சேமிக்கும் கிட்டங்கிக்கு மேலே உள்ள ஒற்றை அறையில், அஜய்குமார் என்ற இன்னொரு கணினிக்காரனைத் துணைக்கு வைத்துக்கொண்டு, 'அங்கன இங்கன' என்று ஓர் ஆப் கட்டினான். எதையும் இறக்கிக்கொள்ள வேண்டாம். அனுப்பிய லிங்க்கைத் தொட்டால் போதும். 'கேமராவைத் திறக்கட்டுமா, மைக்கைத் திறக்கட்டுமா' என்று பிரவுசர் மரியாதையாகக் கேட்கும். சரி என்றால் அங்கன இருக்கிறவர் இங்கன வந்துவிடுவார். ஓடைப்பட்டித் தோட்டத்தில் நிற்கும் விவசாயி திராட்சைக் குலையைத் தூக்கிக் காட்டலாம். குமுளியில் இருக்கும் வியாபாரி, "அது மறிச்சுக் காணிக்கூ சேட்டா" என்று குலையைத் திருப்பச் சொல்லலாம். அவர் சொல்லி வாயை மூடுவதற்குள் இவர் திருப்பியிருப்பார்.

உள்ளதைச் சொல்ல வேண்டும். ஆப் அருமையான ஆப். இரண்டு பக்கமும் மலை நிற்கிற பள்ளத்தாக்கு இது. வீட்டு முற்றத்தில் நான்கு கோடு காட்டும் டவர், மாட்டுக்கொட்டத்துக்குப் போவதற்குள் காணாமல் போகும். இந்த லட்சணத்தில், இணைப்பு மெலிந்தால் படத்தைக் கொஞ்சம் மங்க விட்டுக் குரலை மட்டும் விடாமல் பிடித்துக்கொள்கிற மாதிரியும், அறுந்தால் கண் சிமிட்டும் நேரத்தில் தானே ஒட்டிக்கொள்கிற மாதிரியும் சசிதரன் அதைச் செய்துவைத்திருந்தான். போடிமெட்டு வளைவில் பஸ்ஸில் போய்க்கொண்டே பேசலாம். பஸ் குலுங்கும், பேச்சு குலுங்காது.

அதைவிட அவனுக்குப் பெருமை, இரைச்சல் நீக்கி. பேசுகிறவரின் குரலை மட்டும் விட்டுவிட்டு மற்ற சத்தத்தையெல்லாம் துடைத்தெடுக்கும் சமாசாரம். எது இரைச்சல் என்று அதற்குப் பழக்கிவிட ஊர்ச் சத்தமெல்லாம் வேண்டும் என்று, ஜன்னலில் ஒரு மைக்கைக் கட்டி ஒரு வாரம் பதிவு செய்தான். மிக்ஸி, சேவல், மருந்தடிக்கிற மோட்டார், மினி பஸ் ஹாரன் எல்லாம் மாட்டின. அந்த வாரத்தில் அடுத்த தெருவில் ஒரு காதுகுத்து. மொக்கம்மாள் தலைமையில் பெண்கள் போட்ட குலவையும் அதே மைக்கில் வந்து விழுந்தது. மொக்கம்மாள் குலவை போட்டால் ஓடைப்பட்டியில் தொடங்கி சின்னமனூரில் முடியும் என்பார்கள். ஆப் அதையும் மோட்டாருக்கும் சேவலுக்கும் நடுவில் வைத்து, இரைச்சல் என்று எழுதிக்கொண்டது. யாரும் கவனிக்கவில்லை.

எல்லாம் சரி, சோதித்துப் பார்க்க ஓர் ஆள் வேண்டுமே? அதற்கு அகப்பட்டவள் விஜி.

விஜி யார் என்றால், சசிதரனின் அம்மா பவுனுவின் அண்ணன் மகள். வடுகபட்டியில் பூண்டு வியாபாரம் செய்யும் அழகுமலை அவளுடைய அப்பா. பெரியகுளத்தில் ஒரு தனியார் ஆய்வகத்தில் ரத்தம் பரிசோதிக்கிற வேலை. ஆவணியில் இருவருக்கும் நிச்சயம் என்று பெரியவர்கள் பேசி முடித்திருந்தார்கள். பேசி முடித்த அன்றைக்கே சசிதரன் ஒரு சட்டம் போட்டான். "போன்ல கூப்பிடாத விஜி. எதுனாலும் ஆப்ல வந்து சொல்லு. பேசுன மாதிரியும் இருக்கும், டெஸ்ட் பண்ணுன மாதிரியும் இருக்கும்." பேசுகிற மாதிரி இருந்ததா என்பதைக் கேளுங்கள்.

முதல் அழைப்புக்கு அவள் புதுச் சேலை உடுத்தி, பூ வைத்து உட்கார்ந்தாள். அவன் திரையைக் கூர்ந்து பார்த்தான். அவளுக்குக் கன்னம் சிவந்தது.

"பின்னாடி சுவத்துல வெளிச்சம் ரொம்ப அடிக்குது. அந்த இருட்டு மூலையில போயி உக்காரு" என்றான்.

நான்காவது அழைப்பில், ஆய்வகத்தில் யாரோ திட்டிவிட்டார்கள் என்று சொல்லும்போதே அவளுக்கு அழுகை வந்துவிட்டது. "என்ன, கரகரன்னு வருது? மைக்க மாத்துனியா?" என்றான்.

ஒன்பதாவது இதற்கெல்லாம் மேல். "ஞாயித்துக்கிழமை வைகை அணைக்கு வாரியா?" என்று கேட்டான். அவள் தோழிகளிடம் சொல்லி, எலுமிச்சைச் சாதமும் உருளைக்கிழங்குப் பொரியலும் இரண்டு பேருக்குக் கட்டிக்கொண்டு, ஆண்டிபட்டி வழியாகப் பஸ் மாறி, அணைப் பூங்காவில் போய் நின்று ஆப்பைத் திறந்தால், அவன் ஓடைப்பட்டி அறையில் உட்கார்ந்திருக்கிறான்.

"நீங்க வரலையா மச்சான்?"

"நானும் வந்தா ரெண்டு பேரும் ஒரே டவர்ல இருப்போம்ல? அப்புறம் என்னத்த டெஸ்ட் பண்ண? அப்படியே அந்தப் பாலத்து மேல நட. இன்னும் கொஞ்சம் வெரசா நட. ஆகா! தண்ணிச் சத்தம் சுத்தமா நின்னுபோச்சு!"

அவள் பாலத்தின் இந்த முனைக்கும் அந்த முனைக்குமாக நான்கு தடவை நடந்தாள். எலுமிச்சைச் சாதத்தைக் குரங்குகள் வந்து பங்கு போட்டுக்கொண்டன. அவையாவது அவள் முகத்தைப் பார்த்து வாங்கிக்கொண்டன.

பத்தொன்பதாவது அழைப்பில்தான் விஷயம் வந்தது. நிச்சயத்துக்குப் பத்து நாள் இருந்தது.

"மச்சான், கொஞ்சம் கவனமாக் கேளுங்க. எனக்குக் குமுளிப் பக்கம் கூடலூர்ல கவர்மெண்ட் லேப் வேலை கெடைச்சிருக்கு. ஆர்டர் கைக்கு வந்திருச்சு. அப்பா என்னடான்னா, 'ஓடைப்பட்டிக்கு வாழப் போற பிள்ளைக்குக் கூடலூர்ல என்ன வேலை, விட்டுரு'ங்கிறாக. நான் விட மாட்டேன். மூணு வருசம் படிச்சு வாங்குன வேலை. நம்ம கூடலூர்லயே குடியிருப்போமா? நீங்க வருவீகளா?"

சசிதரனின் கண் அவள் முகத்தில் இல்லை. முகத்துக்குப் பக்கத்தில் ஓடுகிற எண்களில் இருந்தது. எண்கள் எல்லாம் பச்சையில் இருந்தன. அவனுக்கு நெஞ்சு நிறைந்துவிட்டது.

"சூப்பர் விஜி! கூடலூர்ல கடைசியா வர்ற 'ர்' இருக்கு பாரு, அதுகூட உடையாம விழுது. எங்க, இன்னொருக்க சொல்லு."

அவள் இன்னொருக்கச் சொன்னாள். மூன்றாம் தடவையும் சொன்னாள்.

"போதும், போதும். பாஸ்."

"நீங்க பதில் சொல்லாம நான் தட்டு மாத்த விட மாட்டேன். சொல்லிட்டேன்."

"இது முன்னதைவிட நல்லா வருதே!" என்றான் அவன். பிறகு அஜய்குமாரைக் கூப்பிட்டு அந்த எண்களைக் காட்டினான்.

நிச்சயத்தன்று வடுகபட்டி மண்டபத்தில் மாப்பிள்ளைதான் முதலில் வந்தவர். பெண்ணைப் பார்க்க என்று நினைத்துவிடாதீர்கள். மூன்று கேமரா, நான்கு மைக், மேடைக்குப் பக்கத்தில் ஆள் உயரத் திரை. வெளியூரில் இருக்கும் நாற்பத்திரண்டு வீட்டுச் சொந்தக்காரர்கள் ஆப் வழியாக வந்து உட்காருவதாக ஏற்பாடு. திருப்பூரிலிருந்து வந்தார்கள், மும்பையிலிருந்து வந்தார்கள், பவுனுவின் தம்பி நாகராஜ் மஸ்கட்டிலிருந்து வந்தார். பட்டு வேட்டி, சந்தனம், கழுத்தில் மாலை, மாலைக்கு மேலே ஹெட்போன் என்று மாப்பிள்ளை மேடைக்கும் கணினி மேசைக்குமாக ஓடிக்கொண்டிருந்தான். பவுனு வந்து ஹெட்போனைப் பிடுங்கி மடியில் வைத்துக்கொண்டு அவனை மணையில் உட்கார வைத்தாள்.

"அப்பத் தட்ட மாத்திருவமா?" என்றார் அழகுமலை.

"பொறுங்கப்பா" என்றாள் விஜி. "மச்சான்கிட்ட ஒன்னு கேட்டிருந்தேன். அதுக்கு இன்னும் பதில் வரல. பதில் சொல்லட்டும், மாத்துங்க. இல்லாட்டி எல்லாரும் சாப்பிட்டுக் கெளம்புங்க."

சசிதரன் விழித்தான். என்ன கேட்டாள்? எப்போது கேட்டாள்? உண்மையிலேயே பயந்துபோனான், பாவம். பயந்தவன் இந்த இனத்தார் எல்லாரும் எடுக்கிற அந்த ஒரே கேடயத்தை எடுத்தான்.

"எப்பக் கேட்ட விஜி? சிக்னல் விட்டிருக்கும்."

அடடா, என்ன கேடயம் அது! கடன் கேட்டால் சிக்னல் விட்டிருக்கும். மாமியார் வருகிறார் என்றால் சிக்னல் விட்டிருக்கும். மேலதிகாரி ஞாயிற்றுக்கிழமை கூப்பிட்டால் தலைகீழாக விட்டிருக்கும். இந்த நாட்டில் எத்தனையோ குடும்பங்களைச் சேர்த்துவைத்திருப்பது விட்டுப்போகிற சிக்னல்தான். சசிதரனையும் அது காப்பாற்றியிருக்கும். ஆனால் கணினி மேசையில் அஜய்குமார் இருந்தான். மூன்று வருட உழைப்பைக் குறைத்து ஒரு பேச்சென்றதும் அவனுக்கு ரோசம் பொத்துக்கொண்டு வந்துவிட்டது.

"என்ன அண்ணே, சிக்னல் விட்டுச்சா? நம்ம ஆப்லயா? ஒரு கால்கூட விட்டது கெடையாதுண்ணே! எல்லா டெஸ்டும் ரெக்கார்டு ஆகியிருக்கு. நாலு பேர் முன்னாடி நம்ம ஆப்பச் சந்தேகப்பட்டா எப்படி? போட்டுக் காட்டவா?"

"வேணாம்டா" என்றான் சசிதரன்.

"போடு தம்பி" என்றார் அழகுமலை.

ஆள் உயரத் திரையில் வைகை அணைப் பாலம் வந்தது. தூக்குச்சட்டியோடு விஜி வெரசாக நடந்தாள். 'ஆகா! தண்ணிச் சத்தம் சுத்தமா நின்னுபோச்சு!' என்று மாப்பிள்ளையின் குரல் மண்டபமெங்கும் முழங்கியது. பின்வரிசையில் சிரிப்புக் கிளம்பியது. பிறகு அழுகிற விஜி, 'மைக்க மாத்துனியா?' சிரிப்பு நின்றது. பிறகு பத்தொன்பதாவது. கூடலூர், வேலை, 'நீங்க வருவீகளா?'. அதைத் தொடர்ந்து அந்த 'ர்'. மூன்று தடவையும் சொட்டுக் குறையில்லாமல், ஒரு மூச்சுச் சத்தம்கூட விடாமல், அவ்வளவு தெளிவாக வந்தது. எந்த ஆப்பும் தன்னைக் கட்டியவனை இத்தனை சுத்தமாகக் காட்டிக்கொடுத்ததில்லை.

"ஏலே" என்றாள் பவுனு. "கட்டிக்கப் போறவ வாழ்க்கையக் கேக்குறா. நீ 'ர்' நல்லா இருக்குங்கிற. நீயெல்லாம் காது எதுக்குடா குத்திக்கிட்ட?"

சசிதரன் திரையைப் பார்த்துக்கொண்டிருந்தான். உண்மையை மறைக்காமல் சொல்கிறேன்: அவனுக்கு முதலில் தோன்றியது, படம் எவ்வளவு நன்றாக வந்திருக்கிறது என்பதுதான். அதற்கு அடுத்து, மூன்றாம் தடவை கேட்கும்போது அவள் கை துப்பட்டா நுனியைப் போட்டுத் திருகியது தெரிந்தது. அன்றைக்கும் அது இதே திரையில்தான் இருந்தது. அவனுக்கு வெட்கமாக இருந்தது. இந்தப் பெண் போய்விடுவாளோ என்று அவளைப் பார்த்தான்.

"மைக்கு, ஆப்பு ஒன்னும் வேணாம்" என்று விஜி எழுந்தாள். "நேர்லயே கேக்குறேன்." மணைக்கு எதிரில் வந்து, மூன்றடி தள்ளி நின்று, வாயைத் திறந்தாள்.

இங்கே ஒரு விபத்து. மண்டபத்தின் ஓர் ஓரத்தில் மொக்கம்மாள் வெற்றிலையைத் துப்பிவிட்டுக் காலையிலிருந்து தயாராகக் காத்திருந்தார். குலவைக்கென்றே வரவழைத்த ஆள். திரையில் ஓடியதெல்லாம் அவருக்கு விளங்கவில்லை. பெண் எழுந்து மாப்பிள்ளைக்கு எதிரில் போய் நின்றதைப் பார்த்தார். தட்டு மாறிவிட்டது என்று முடிவு செய்தார். நாக்கைச் சுழற்றி எடுத்தார் பாருங்கள்! ஒரு குலவை எழுந்தால் மற்றவர்கள் வாயை மூடிக்கொண்டிருப்பது மரியாதையில்லை. எதற்கு என்று தெரியாமலே இருபது பெண்கள் சேர்ந்து போட்டார்கள். மண்டபத் தகரம் அதிர்ந்தது.

விஜியின் உதடு அசைந்தது. சசிதரனுக்கு ஒன்றும் கேட்கவில்லை. வாழ்நாளில் முதல்முறையாக, கேட்க வேண்டும் என்று அவன் நினைத்த நேரத்தில், நிஜமாகவே கேட்கவில்லை. கை பழக்கத்தில் காதுக்குப் போய் ஹெட்போனைத் தேடியது. காதில் சந்தனம்தான் இருந்தது. நாக்கு நுனிவரை 'கேக்குது, கிளியரா இருக்கு' வந்துவிட்டது. இத்தனை வருடம் சொல்லிப் பழகிய வாய். அதை முழுங்கினான்.

"கேக்கல விஜி!"

அவள் மறுபடி சொன்னாள். குலவை இரண்டாம் சுற்றுக்குப் போனது.

அவன் மணையிலிருந்து எழுந்து, மாலையைப் பின்னால் தள்ளிவிட்டு, அவள் பக்கத்தில் போய்க் காதைக் கொடுத்தான். "சத்தியமாக் கேக்கல. இன்னொருக்க சொல்லு. என்ன சொன்னன்னு எனக்குத் தெரியணும்!"

"நிறுத்துங்கடி!" என்று பவுனு போட்ட அதட்டலில் குலவை நின்றது.

விஜி அவனைப் பார்த்தாள். இருபது அழைப்பு ஆகப்போகிறது. அவன் வாயிலிருந்து 'கேக்கல' என்ற சொல் வருவது இதுதான் முதல் தடவை. "நான் கூடலூர் வேலைக்குப் போகணும். நீங்க கூடலூருக்கு வருவீகளா?" என்று மெதுவாகக் கேட்டாள்.

சசிதரன் யோசித்தான். மண்டபமே யோசித்தது.

"கூடலூர்ல... நெட்டு எப்படி இருக்கும்?" என்றான்.

பவுனு தலையில் அடித்துக்கொண்டாள். அழகுமலை துண்டை உதறித் தோளில் போட்டார். அவர் போகக் கிளம்பினால் துண்டைத்தான் முதலில் உதறுவார். விஜி மட்டும் சிரித்துவிட்டாள். "அப்ப ஊரு பேரு காதுல விழுந்திருச்சு" என்றாள்.

"நெட்டு இல்லாட்டியும் வாரேன்" என்றான் சசிதரன். எந்தச் சோதனையும் பண்ணாமல் அவன் சொன்ன முதல் வாக்கியம் அது. குரல் கொஞ்சம் உடைந்துதான் வந்தது. அதை அவன் கவனிக்கவில்லை.

"அவன் காது கொடுத்துக் கேட்டதே பெருசுப்பா. வேலைக்குப் போகட்டும் பிள்ள. தட்ட எடுங்க" என்று அழகுமலை துண்டை இடுப்புக்கு மாற்றினார். தட்டு மாறியது. இந்த முறை முறையாக, அனுமதி கேட்டுக்கொண்டு, மொக்கம்மாள் மூன்று சுற்றுக் குலவை போட்டார்.

அது முடிவதற்குள் பவுனுவின் போன் அடித்தது. சாதாரண போன். மஸ்கட்டிலிருந்து நாகராஜ், பதறிப்போய்ப் பேசினார். "யக்கா, என்னக்கா பிரச்சினை? பொண்ணும் மாப்பிள்ளையும் நல்லாத்தான நிக்கிறாக? அப்புறம் எதுக்குப் பொம்பளைக எல்லாம் ஒன்னு சேர்ந்து, ஒரு சத்தமும் இல்லாம, எங்களப் பார்த்து நாக்க ஆட்டிப் பழிப்புக் காட்டுறாக? சீர் பத்தலையாக்கா? நான் வேணா இன்னும் போடுறேன்!" நாற்பத்திரண்டு வீட்டிலும் அதே கலக்கம். இரைச்சல் நீக்கி அன்றைக்கு ஒரு பொட்டுக் குலவையைக்கூட ஊரைத் தாண்ட விடவில்லை. நூற்றுக்கு நூறு.

கல்யாணம் முடிந்து இப்போது இருவரும் கூடலூரில்தான் இருக்கிறார்கள். அங்கே நெட் ஓடைப்பட்டியைவிட நன்றாக இருக்கிறதாம். ஆப்பில் 'குலவையை விடு' என்று புதிதாக ஒரு பொத்தான் வந்திருக்கிறது. சசிதரன் திருந்திவிட்டானா என்று கேட்பீர்கள். முக்கால்வாசி. விஜி பேசும்போது திரையைக் கவிழ்த்து வைக்கிறான். எப்போதாவது பழைய ஞாபகத்தில், "நல்லாக் கேக்குது" என்று வாய் தவறிவிட்டால், "என்ன கேட்டுச்சு?" என்று அவள் உடனே ஒரு கேள்வி போடுவாள். அதற்குச் சரியான பதில் சொன்னால்தான் அன்றைக்குச் சோறு.

இவ்வளவு சிரித்தீர்களே, வாசகரே. 'இந்தக் காலத்துப் பிள்ளைகளே இப்படித்தான்' என்று தலையைக்கூட ஆட்டிக்கொண்டீர்கள். நல்லது. இப்போது அந்தச் சந்தேகத்தைச் சொல்லிவிடுகிறேன். நீங்கள் இதைப் படித்துக்கொண்டிருக்கும்போது, அநேகமாக வைகை அணை வரும் பத்தியில், உங்கள் வீட்டார் ஒருவர் பக்கத்தில் வந்து நின்று ஏதோ கேட்டார். நீங்கள் தலையைத் தூக்காமல் 'ம்' என்றீர்கள்.

என்ன கேட்டார்?